முதல்ல பென்சில், அப்புறம் பேனா

அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்திருங்கம்மா. பனிக்காத்து நேரா மூஞ்சில அடிக்குது. மார்கழி பொறந்து நாலு நாள்தான் ஆகுது, அதுக்குள்ள இந்தக் குளிரு.

நான் நொச்சிப்பட்டி கூட்ரோட்டுல இறங்கணும். டிக்கெட்டும் அதுக்குத்தான் வாங்கிருக்கேன். போன சனிக்கிழமையும் வாங்கினேன், அதுக்கு முந்தின சனிக்கிழமையும் வாங்கினேன். ரெண்டு தடவையும் இறங்காம தருமபுரி வரைக்கும் போயி, பஸ் ஸ்டாண்டுல ஒரு காபி குடிச்சிட்டு, அடுத்த பஸ்ஸப் புடிச்சு அரூருக்கே திரும்பிட்டேன். கண்டக்டர் தம்பி இன்னைக்கு என்னையப் பாத்ததும் சிரிக்கிறான். "நொச்சிப்பட்டியா தருமபுரியான்னு முடிவு பண்ணிட்டீங்களா டீச்சர்?"னு கேக்குறான். அவனுக்கென்ன, கேப்பான்.

உங்க கழுத்துல தொங்குற அட்டையப் பாத்துட்டுத்தான் பேச்சுக் குடுக்குறேன். மெடிக்கல் காலேஜா? ஸ்கூல் பிள்ளைங்க ஆராய்ச்சியா? நெனச்சேன். மடியில வச்சிருக்கீங்களே படிவம், அதப் பாத்ததுமே நெனச்சேன். எங்க பள்ளிக்கூடத்துக்கு வந்த பொண்ணும் இப்படித்தான் மடியில வச்சு அணைச்சுக்கிட்டு வந்துச்சு. ஜெரின்னு பேரு. நாகர்கோவில் பக்கம். நல்ல பொண்ணுதான். ஆனா ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க, நீங்கள்லாம் ஆராய்ச்சி பண்ணத் தெரிஞ்சவங்க, பள்ளிக்கூடம் தெரியாதவங்க.

என் பேரு குணசுந்தரி. இருபத்தேழு வருஷம் சர்வீஸ். அதுல பத்தொம்பது வருஷம் நொச்சிப்பட்டி நடுநிலைப் பள்ளி, எட்டாம் வகுப்பு. இந்த ஜூன்லதான் அரூருக்கு மாறுதல் வாங்கிட்டு வந்தேன். என் ரெஜிஸ்டரைப் புரட்டிப் பாத்தீங்கன்னா ஒரு அடித்தல் திருத்தல் இருக்காது. அதிகாரிங்க வந்தா மத்த டீச்சருங்களக் கூப்பிட்டு என் ரெக்கார்டக் காட்டுவாங்க. எப்படின்னு கேக்குறீங்களா? முதல்ல பென்சில், அப்புறம் பேனா. எதுவா இருந்தாலும் முதல்ல பென்சில்ல போடணும். சரி பாக்கணும். மேலதிகாரி கேக்குற மாதிரி இருக்கான்னு பாக்கணும். இல்லாட்டி ரப்பர் வச்சு அழிச்சுட்டு சரியா போடணும். எல்லாம் ஒத்து வந்தப்புறம் பேனா. நான் மட்டும் இல்ல, எந்தப் பள்ளிக்கூடத்துல வேணாலும் போய்க் கேளுங்க. எல்லாரும் பண்றதுதான்.

ஒரே ஒரு தடவை அப்படிச் செய்யாம விட்டேன். ஏழு வருஷத்துக்கு முன்ன, கழிப்பறை பத்தி ஒரு கணக்கெடுப்புன்னு வந்தாங்க. பிள்ளைங்க மனசுல பட்டத எழுதட்டும்னாங்க. சரின்னு விட்டேன். கதவுக்குத் தாழ்ப்பாள் இல்ல, தண்ணி வரல, நாங்க வெளியிலதான் போறோம்னு அம்புட்டுப் பிள்ளைங்களும் எழுதிக் குடுத்துருச்சுங்க. உண்மைதான், இல்லங்கல. ஆனா யாருக்கு மெமோ வந்துச்சு? எனக்கு. 17பி, வேலைக்கே வேட்டு வைக்கிற மெமோ. தாழ்ப்பாள நானா போய்ப் போடணும்? என் ப்ரமோஷன் தள்ளிப் போச்சு. அன்னைக்கு முடிவு பண்ணேன், இனிமே என் வகுப்புலருந்து ஒரு காகிதம் வெளிய போனா அது நான் பாத்த காகிதமாத்தான் இருக்கும்னு.

அதச் சொல்லலன்னா மத்தது உங்களுக்குப் புரியாது. அதனாலதான் சொல்றேன்.

போன வருஷம் ஆவணி மாசம் ஜெரின் வந்துச்சு. ஒரு மெடிக்கல் காலேஜும் ஏதோ வெளிநாட்டு யுனிவர்சிட்டியும் பள்ளிக்கூடங்களோட சேந்து செய்யுற ஆராய்ச்சியாம். பிள்ளைங்க உடம்பு எப்படி இருக்கு, மனசு எப்படி இருக்குன்னு பாக்கவாம். "டீச்சர், நீங்களும் இதுல ஒரு பங்காளிதான்"னு சொல்லி என்னையத்தான் பொறுப்பாசிரியராப் போட்டாங்க. பள்ளிக்கு ஒருத்தர். எங்க எச்.எம். என் பேரத் தவிர வேற பேரச் சொல்லுவாரா?

ரெண்டு பக்கப் படிவம். ஆம், இல்லைன்னு டிக் போடணும். காலையில சாப்பிட்டு வந்தியா, வகுப்புல பயமா இருக்கா, யாராவது அடிச்சாங்களா, தொண்டை வலி அடிக்கடி வருதா, மூட்டு வீங்கிச்சா, மாடி ஏறினா மூச்சு வாங்குதா. கடைசில நாலு கோடு, வேற ஏதாவது சொல்லணும்னா எழுதுன்னு. வெள்ளிக்கிழமை கொண்டாந்து குடுத்துட்டு, "பிள்ளைங்களே எழுதட்டும் டீச்சர், சொல்லிக் குடுக்காதீங்க, திங்கக்கிழமை சாயந்தரம் வந்து வாங்கிக்கிறேன்"னு சொல்லிட்டு அடுத்த பள்ளிக்கூடத்துக்கு ஓடிருச்சு. சொல்லிக் குடுக்காதீங்கன்னு எல்லா அதிகாரியும்தான் சொல்லுவாங்க. அது ஒரு பேச்சுக்குச் சொல்றது. இருபத்தேழு வருஷத்துல அத நெசமாவே சொன்ன ஒரு ஆள நான் பாத்ததில்ல. கூட நின்னு எழுத வாங்கிருக்கணும்ல? விட்டுட்டுப் போனது யாரு தப்பு?

நாப்பத்தோரு பிள்ளைங்க. பென்சில்ல எழுதச் சொன்னேன். சனி ஞாயிறு வீட்டுல உக்காந்து ஒவ்வொண்ணா பாத்தேன். ஐயோ, மறுபடியும் அதே கூத்து. சாப்பிடல, பயமா இருக்கு, கணக்கு சார் அடிக்கிறாரு. எங்கெங்க மாத்தணுமோ அங்கல்லாம் சின்னதா ஒரு புள்ளி வச்சேன். நோய் கேட்டா இல்லை, நல்லது கேட்டா ஆம். அவ்வளவுதான். திங்கக்கிழமை கரும்பலகையில இருபத்திரண்டு கேள்விக்கும் விடைய எழுதிப் போட்டேன்.

யுவஸ்ரீ பேப்பர்ல நாலு புள்ளி.

யுவஸ்ரீயப் பத்திச் சொல்லணும். செண்பகத்தோட பொண்ணு. செண்பகம் சாமந்தித் தோட்டத்துல பூ பறிக்கிறவ, புருஷன் பெங்களூருல சென்ட்ரிங் வேலை, ஒரே பொண்ணு. ஒல்லியா இருப்பா. சிரிச்சா மேல் பல்லு ரெண்டும் தெரியும். எனக்குப் பிள்ளை இல்லம்மா. அதனால சொல்லல, ஆனா அவள நான் என் பொண்ணு மாதிரித்தான் பாத்தேன். எங்க வகுப்பு மாடியில, குழாய் கீழ. தெனம் காலையில எனக்கு ஒரு சின்ன எவர்சில்வர் குடத்துல குடிக்கத் தண்ணி வரணும். அதக் கொண்டாரதுக்குப் பிள்ளைங்களுக்குள்ள அடிதடி நடக்கும். நான் யாருக்கும் குடுக்க மாட்டேன். யுவஸ்ரீக்கு மட்டும்தான். ஆறாம் வகுப்புலருந்து மூணு வருஷம் அவதான். குடத்தை வச்சிட்டு, முந்தின நாள் தண்ணிய ஊத்திட்டு, டம்ளரக் கவுத்து வச்சிட்டு, "வச்சாச்சு டீச்சர்"னு சொல்லிட்டு அப்படியே செவுத்தப் புடிச்சுக்கிட்டுக் கொஞ்ச நேரம் நிப்பா. நான் என்ன நெனச்சேன், என் பக்கத்துலயே நிக்கணும்னு ஆசைன்னு நெனச்சேன்.

அவ பேப்பர்ல தொண்டை வலிக்கு ஆம். மூட்டு வீக்கத்துக்கு ஆம். மூச்சு வாங்குறதுக்கு ஆம். கீழ நாலு கோட்டுல எழுதிருந்தா. எனக்கு மனப்பாடம், சொல்றேன் கேளுங்க. 'குடம் தூக்கி மாடி ஏறினால் நெஞ்சு படபடவென அடிக்கிறது. டீச்சரிடம் சொல்ல வேண்டாம். வேறு ஆளை மாற்றிவிடுவார்.' அவ்வளவுதான். எழுத்து முத்து முத்தா இருக்கும். ஒரு பிழை இல்ல.

எனக்கு அதப் படிச்சதும் என்ன வந்துச்சுன்னு நெனக்கிறீங்க? பயம்தான் வந்துச்சு. பிள்ளைய தண்ணி தூக்க விடுறாங்கன்னு காகிதத்துல இருக்கு, என் பேரு இருக்கு. அடுத்த மெமோ. அவ நெஞ்சு அடிக்கிறதப் பத்தி நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கல. அத மறைச்சு உங்களுக்குச் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகுது.

திங்கக்கிழமை அவளக் கூப்பிட்டேன். "ஏண்டி, குடம் தூக்க முடியலன்னா வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதானே? காகிதத்துல எழுதுவியா? ஊருக்கே தெரியணுமா? நாளையிலருந்து மோனிஷா கொண்டாரட்டும்."

அவ மூஞ்சி சுருங்கிப்போச்சு. "இல்ல டீச்சர், நானே தூக்குறேன் டீச்சர்."

"நெஞ்சு அடிக்குதுன்னு எழுதிருக்க?"

"சும்மா எழுதிட்டேன் டீச்சர். இடம் இருந்துச்சேன்னு எழுதிட்டேன். நான் நல்லாத்தான் இருக்கேன்."

"அப்ப அழி."

அவளே அழிச்சா. ரப்பர் வச்சு ஒவ்வொரு எழுத்தா, காகிதம் கிழியாம. அந்தத் தூள வாயால ஊதி, உள்ளங்கையால ஒரு தடவு தடவிட்டு, பேனாவால இல்லை, இல்லை, இல்லைன்னு டிக் போட்டா. கோட்டுல, 'எங்கள் பள்ளி எனக்கு மிகவும் பிடிக்கும்'னு எழுதினா. அத நான் சொல்லிக் குடுக்கலம்மா. அவளா எழுதினது. எழுதிட்டு என்னைய நிமிந்து பாத்தா. "நாளைக்கும் நான்தானே டீச்சர்?"னு கேட்டா. நீதாண்டின்னேன். சந்தோஷமா போனா.

ஐப்பசில முடிவு வந்துச்சு. தொண்டை, மூட்டு, மூச்சு, அந்த மூணு கேள்விக்கும் ஆம் போட்ட பிள்ளைங்களுக்கு மட்டும் வேன்ல ஸ்கேன் மெஷின் வரும்னாங்க. எங்க பள்ளிக்கூடத்துல ஒரு பிள்ளைக்கும் தேவையில்ல. பக்கத்துல மேட்டூரான் கொட்டாய் பள்ளிக்கூடத்துல ஒம்பது பேரு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? எச்.எம். ரூம்ல எல்லாரும் இருக்கும்போது, "ஒம்பது பேரா? பிள்ளைங்களப் பாத்துக்கிற லட்சணமா இது?"ன்னு சொல்லிச் சிரிச்சேன். அந்த ஒம்பதுல ரெண்டு பேருக்கு இதயத்துல கோளாறு இருந்துச்சாம். தொண்டை வலியில ஆரம்பிச்சு, மூட்டுக்கு வந்து, அப்புறம் வால்வுல போயி உக்காந்துக்குமாம். நேரத்துல கண்டுபுடிச்சா இருபத்தோரு நாளைக்கு ஒரு ஊசி, அவ்வளவுதான். அந்த ரெண்டும் இப்ப ஸ்கூலுக்கு வந்துக்கிட்டு இருக்குதுங்க. நான் போய்ப் பாத்துட்டு வந்தேன். எதுக்குப் போனேன்னு கேக்காதீங்க.

எங்க பிள்ளைங்களுக்கு ஆளுக்கு ஒரு அட்டை குடுத்தாங்க. 'மேல்பரிசோதனை தேவையில்லை'ன்னு அச்சடிச்சு, கீழ என் கையெழுத்து. நாப்பத்தோரு கையெழுத்து போட்டேன், எல்லாம் ஒரே மாதிரி இருக்கும்.

தை பொறந்துச்சு. பொங்கல் லீவு முடிஞ்சு பள்ளிக்கூடம் தொறந்து அஞ்சு நாளாச்சு, யுவஸ்ரீ வரல. மோனிஷாதான் தண்ணி கொண்டாந்தா. லீவு லெட்டர் இல்லாம இருக்கா, வரட்டும் கேட்டுக்கிறேன்னு இருந்தேன். அஞ்சு நாளும் ஆப்சென்ட் போட்டேன். பென்சில்லதான் போட்டேன், வந்தா மாத்திக்கலாம்னு. ஆறாம் நாளு செண்பகத்துக்குப் பக்கத்து வீட்டுப் பொண்ணு வந்து வாசல்ல நின்னுக்கிட்டு, "டீச்சர், யுவஸ்ரீ செத்துப்போச்சு"ன்னு சொல்லுச்சு. காலெல்லாம் வீங்கி, மூச்சு விட முடியாம, தருமபுரி ஆஸ்பத்திரியில மூணு நாள் இருந்துருக்கா. வால்வு போச்சுன்னாங்களாம்.

தண்ணி தர்றீங்களா? கொஞ்சம். இல்ல, உங்க பாட்டில்லருந்தே குடுங்க. போதும்மா.

பதினாறாம் நாளு போனேன். செண்பகம் என் கையப் புடிச்சுக்கிட்டா. ரேஷன் கார்டு வைக்கிற பிளாஸ்டிக் கவரத் தொறந்து அந்த அட்டைய எடுத்துக் காட்டினா. ஆஸ்பத்திரியில டாக்டர்கிட்டயும் காட்டினாளாம். "இத்தன நாளா எங்க இருந்தீங்க, பள்ளிக்கூடத்துல பாக்கலையா"ன்னு அவரு கேட்டாராம். "பாத்தாங்க சார், எங்க டீச்சரே பாத்துக் கையெழுத்து போட்டாங்க சார், அப்ப நல்லாத்தான் இருந்துச்சு"ன்னு இவ சொன்னாளாம். சொல்லிட்டு என்கிட்ட என்ன சொன்னா தெரியுமா? "நான்தான் டீச்சர் கெடுத்தேன். பொங்கலுக்குப் பூ நெறைய கேட்டாங்கன்னு விடிய அஞ்சு மணிக்கு அதையும் பனியில இழுத்துக்கிட்டுப் போனேன். தலையில துணியில்லாம ரெண்டு நாள் நின்னுச்சு. அந்தப் பனிதான் நெஞ்சுல எறங்கிருச்சு. பெத்தவளே பிள்ளையக் கொன்னுட்டேன் டீச்சர்."

 அப்படியெல்லாம் சொல்லாத செண்பகம்னேன். அவ எனக்குத் தண்ணி கொண்டாந்து குடுத்தா. குடிச்சிட்டு வந்துட்டேன்.

மாசியில ஜெரின் வந்துச்சு. எங்கயோ கேள்விப்பட்டு, யுவஸ்ரீ படிவத்தத் தேடி எடுத்துக்கிட்டு வந்துருந்துச்சு. ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சுச்சு. பேனா மசிக்குப் பின்னாடி பென்சில் அழுத்துன தடம் அப்படியே தெரிஞ்சுச்சு. நெஞ்சுங்கற வார்த்தைய நானே படிச்சேன். அந்தப் பொண்ணு திட்டும்னு பாத்தேன். திட்டல. "எல்லாப் படிவமும் இப்படித்தானா டீச்சர்?"னு மட்டும் கேட்டுச்சு. நீ கூட நின்னு எழுத வாங்கிருக்கணும்ல, என்னைய ஏன் கேக்குறன்னு நான் கத்தினேன். ஆமா டீச்சர், நின்னுருக்கணும்னு சொல்லிட்டு அழுதுச்சு. அடுத்த வாரம் வந்து என்னைய வெளிய உக்கார வச்சிட்டு நாப்பது பிள்ளைங்களையும் திரும்ப எழுத வச்சுச்சு. மூணுக்கும் ஆம்னு ஆறு பேரு வந்தாங்க. ஒரு பையனுக்கு அந்த வால்வு கோளாறு இருக்கு. ஊசி போட்டுக்கிட்டு இருக்கான்.

மெமோ வரலம்மா. யாரும் என்னைய ஒண்ணும் கேக்கல. எதுக்குப் பயந்தேனோ அது வரவே இல்ல.

ஜூன்ல மாறுதல் வாங்கிட்டு வந்துட்டேன். கண்ணுல படாம இருந்தா மறந்துரலாம்னு நெனச்சேன். போன மாசம் நொச்சிப்பட்டி சத்துணவு ஆயா அரூர் சந்தையில என்னையப் பாத்துட்டுச் சொல்லுச்சு. "செண்பகத்துக்குப் புத்தி பெரண்டு போச்சு டீச்சர். விடிய பனியில தலையில ஒரு துணி போடாம பூப்பறிக்கப் போவுது. ஏன்டி இப்படின்னு கேட்டா, என் பிள்ளையப் புடிச்ச பனி என்னையும் புடிக்கட்டும்ங்குது." அதான் இந்தச் சனிக்கிழமை பஸ்ஸு. பையில எட்டாம் வகுப்பு குரூப் போட்டோ இருக்கு. போட்டோ குடுக்க வந்தேன்னு சொல்லி ஆரம்பிக்கலாம்னு. கூட்ரோடு வர்றப்பெல்லாம் எந்திரிக்காம உக்காந்துடுறேன். பனின்னே இருக்கட்டுமே, தெரிஞ்சு அவளுக்கு என்ன ஆகப்போகுது, பிள்ளையா திரும்பி வரப்போகுதுன்னு மனசு சொல்லுது. அந்த மனச நம்பித்தான இத்தனையும் பண்ணேன்.

உங்களுக்கு ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோங்க. படிவத்தக் குடுத்துட்டுப் போகாதீங்க. கூட நில்லுங்க. டீச்சரை வெளிய அனுப்புங்க. என்னைய மாதிரி ரெக்கார்டு சுத்தமா வச்சிருக்கிற டீச்சரா இருந்தா மொதல்ல அனுப்புங்க.

கூட்ரோடு வந்துருச்சு. விசிலடிக்கிறான். இறங்கணும். இல்ல, இருங்க. முன் வாசல்ல பாருங்க. பூ மூட்டையத் தூக்கி வைக்கிறாளே, அவதான். தருமபுரி மார்க்கெட்டுக்குப் போறா. தலையெல்லாம் நனைஞ்சு கெடக்கு பாருங்க, ஒரு துணி இல்ல. கடவுளே, எவ்வளவு எளைச்சுப் போயிட்டா. என்னையப் பாத்துட்டா. சிரிக்கிறா. அவ பொண்ணு மாதிரியே பல்லு.

தம்பி, நான் இறங்கல, தருமபுரிக்குக் குடு. நீங்க எந்திரிக்காதீங்கம்மா, கூடவே இருங்க, நானே நகந்துக்கிறேன்.

வா செண்பகம். இங்க உக்காரு. பூவைக் கீழ வச்சிரு. நான் நல்லா இருக்கேன், நீ மொதல்ல முந்தானைய எடுத்துத் தலையில போடு. போடும்மா, சொன்னாக் கேளு. தொடச்சுக்கோ. போட்டோ இருக்கு, தர்றேன், அது அப்புறம். என் கையப் புடிக்காத, நான் சொல்றதக் கேட்டுட்டுப் புடிக்கிறதா இருந்தா புடி.

பனி இல்ல செண்பகம். உன் பொண்ணு எழுதிக் குடுத்தா. நான்தான் அழிக்கச் சொன்னேன்.